பக்கத்துக்கு இரண்டு ரூபாய்

முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. நெய்வேலி போகிற வழியில் டீ குடிக்க இறங்கியவன், செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோனதால் அந்தக் கடைக்குள் ஒதுங்கினேன். வெளியே முந்திரித் தோப்பும் செம்மண்ணும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பிரின்டர், லேமினேஷன் போட ஒரு குட்டி மிஷின். இத்தனையையும் ஒரே ஒரு பெண்மணி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் வந்தான். ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில் தொழில் பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பம். ஆன்லைனில் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பியாகிவிட்டது. இப்போது நிரப்பியதையே பிரின்ட் எடுத்து, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து ஆதார் வரைக்கும் நகல் வைத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டுமாம்.

"அக்கா, ரெண்டு செட் போடுங்க."

"ஒரு செட்டுதானே தம்பி கேட்டிருக்காங்க?"

"தபால்ல தொலைஞ்சு போச்சுன்னா?"

"சரி, பேக் டு பேக் போடவா? பேப்பரும் மிச்சம், உனக்கும் காசு குறையும்."

பையன் பதறிவிட்டான். "வேணாங்க்கா, ஒத்தைப் பக்கமாவே போடுங்க. ஆபீஸ்ல ஏதாச்சும் சொல்லிடப் போறாங்க."

ஒரு நிமிஷப் பேச்சுதான். ஆனால் நம்முடைய அரசு அலுவலகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் காகிதத்தையும் பிரின்டரையும் எப்படி நிர்வகிக்கின்றன என்று எவராவது ஆராய்ச்சி செய்தால், முடிவுரையை இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கடைக்கார அம்மாவுக்கு ஒரு பக்கம் என்ன விலை ஆகிறது என்று பைசா சுத்தமாகத் தெரிகிறது. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இரண்டு பக்கமும் அடிக்கச் சொல்கிறார். வேண்டாத செட்டை வேண்டாம் என்கிறார். வியாபாரம் குறையும் என்று தெரிந்தும் சொல்கிறார். அந்த விண்ணப்பத்தைக் கேட்கிற ஆபீஸுக்கோ இந்த மூன்றுமே தெரியாது.

தெரியாது என்று சொன்னால் கோபம் வரலாம். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த அரசு ஊழியரோ, பேங்க்காரரோ, பொதுத்துறை அதிகாரியோ இருந்தால், "சார், உங்க ஆபீஸ்ல ஒரு பக்கம் பிரின்ட் எடுக்க என்ன செலவு?" என்று கேளுங்கள். சிரிப்பார். "அதெல்லாம் ஸ்டோர்ஸ்ல கேக்கணும்" என்பார். ஸ்டோர்ஸில் கேட்டால் பேப்பர் விலை சொல்வார்கள். டோனர் விலையைக் கம்ப்யூட்டர் பிரிவில் கேட்கச் சொல்வார்கள். மிஷின் வாங்கிய விலை பர்ச்சேஸ் பிரிவில் இருக்கும். மூன்றையும் கூட்டிப் பார்க்கிற நாற்காலி எந்த ஆபீஸிலும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அரசாங்கத்துக்கு ஒரு பக்கத்தின் விலை தெரியும். சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2005-ல் போட்ட கட்டண விதியிலும் சரி, அதை மாற்றி 2012-ல் போட்ட விதியிலும் சரி, ஒரு ஏ4 பக்கத்துக்கு நகல் கட்டணம் 2 ரூபாய். நீங்களும் நானும் கேட்டால் பக்கத்தை எண்ணி ரூபாய் வாங்குகிறார்கள். அதே ஆபீஸ் தனக்காகப் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளும்போது யாரும் எண்ணுவதில்லை.

சரி, நாம் எண்ணிப் பார்ப்போம். பி.காம். படித்த பழக்கம், விடமாட்டேன்.

300 பேர் வேலை பார்க்கிற ஒரு கற்பனை ஆபீஸ். ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 பக்கம். வருஷத்துக்கு 250 வேலை நாள். மொத்தம் 15 லட்சம் பக்கம். ஒரு தாள் 60 பைசா என்று வையுங்கள். பேப்பர் செலவு 9 லட்ச ரூபாய். சாதாரண 75 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று சுமார் 4.7 கிராம். 15 லட்சம் தாள் என்றால் 7 டன். ஒரு லாரி லோடு!

இப்போது மை. மேஜைக்கு மேஜை உட்கார்ந்திருக்குமே, அந்தச் சின்ன லேசர் பிரின்டரின் கார்ட்ரிட்ஜ் 4,000 ரூபாய், 2,000 பக்கம் வரும் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 2 ரூபாய். வருஷத்துக்கு 30 லட்சம். அதே வேலையை மாடிக்கு ஒன்றாக வைத்த பெரிய மிஷின்களில் செய்து, டோனர் செலவு பக்கத்துக்கு 40 பைசா ஆனால், 6 லட்சம். வித்தியாசம் 24 லட்சம். அத்தனை தாளையும் இரண்டு பக்கமும் அடித்தாலும் பேப்பரில் மிச்சமாவது அதிகபட்சம் நாலரை லட்சம்தான்.

இந்த எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. உங்கள் ஆபீஸில் வேறாக இருக்கும். ரீஃபில் போட்டால் குறையும். ஆனால் கணக்கின் உருவம் மாறாது. சுவரில் 'காகிதத்தைச் சேமிப்போம்' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, அதற்குக் கீழேயே ஆளுக்கொரு சின்னப் பிரின்டரை வைத்தால், ஓட்டையை விட்டுவிட்டு வாளியைத் துடைப்பது மாதிரி.

இன்னொன்று. கார்ட்ரிட்ஜ் பெட்டியில் '2,000 பக்கம்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு தாளில் ஏறக்குறைய 5 சதவிகித இடத்தில் மட்டும் மை படிகிறது என்கிற கணக்கில் வருகிற எண் அது. நாலு வரி கடிதம் மாதிரி. நம்முடைய ஆபீஸ் தாளில் மேலே இரண்டு சின்னம், நடுவில் கட்டம் போட்ட அட்டவணை, கீழே ஒரு கறுப்புப் பட்டையில் வாசகம். 2,000 எங்கே வரும்?

அப்புறம் ஏன் சின்னப் பிரின்டரையே வாங்குகிறார்கள்? இரண்டு காரணம்.

முதல் காரணம், எல்-1. டெண்டரில் யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்குத்தான் ஆர்டர். ஆடிட்டில் கேள்வி வராத ஒரே வழி அது. பிரின்டர் வியாபாரத்தின் ரகசியமோ ஊருக்கே தெரிந்தது: மிஷினை மலிவாகக் கொடு, மையில் சம்பாதி. மிஷின் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர், குறைந்த விலைக்கு வாங்கியதாகப் பாராட்டு வாங்குகிறார். அடுத்த ஐந்து வருஷத்துக்கு டோனர் பில் வேறொரு தலைப்பில், வேறொரு பிரிவின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. வாங்கினவரும் தப்பு செய்யவில்லை, பில் கட்டினவரும் தப்பு செய்யவில்லை. பணம் மட்டும் போய்விட்டது. மிஷின் விலையோடு ஐந்து வருஷ மைச் செலவையும் சேர்த்து டெண்டர் கேட்கலாம், அல்லது பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். நிறையத் தனியார் கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. விதியில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. துணிச்சல்தான் வேண்டும்.

இரண்டாவது காரணம், கௌரவம். நாற்காலியில் வெள்ளைத் துண்டு, மேஜையில் மணி, அந்த வரிசையில் பிரின்டர். "எனக்குத் தனி பிரின்டர் இல்லையா?" என்று ஒரு அதிகாரி கேட்டால், பிரின்ட் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம் இல்லை. பக்கத்து அறைக்காரருக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இரண்டு சமாசாரத்தையும் தொடாமல், நடுநடுவே 'சூப்பர் ஐடியா' ஒன்று கிளம்பி வரும். எழுத்துருவை மாற்று, கோடி கோடியாக மிச்சம்! 2010-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-கிரீன் பே பல்கலைக்கழகம், இ-மெயிலில் ஏரியல் எழுத்துருவுக்குப் பதில் செஞ்சுரி காத்திக் என்று மாற்றியது. மை 30 சதவிகிதம் குறைவு என்றார்கள். ஆனால் செஞ்சுரி காத்திக் அகலமான எழுத்து. ஒரு பக்கத்தில் முடிய வேண்டியது இரண்டாம் பக்கத்துக்கு ஓடும்.

2014-ல் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த சுவீர் மிர்சந்தானி என்ற 14 வயதுப் பையன் கேரமாண்ட் எழுத்துருவுக்கு மாறினால் அமெரிக்க மத்திய, மாநில அரசுகளுக்கு வருஷத்துக்கு 40 கோடி டாலர் வரை மிச்சமாகும் என்று கணக்குப் போட்டான். உலகம் பூராவும் செய்தி. நம் பத்திரிகைகளிலும் கொண்டாடினோம், பையன் இந்திய வம்சாவளி ஆயிற்றே. பள்ளிக்கூடப் பையனுக்கு அது அருமையான முயற்சிதான், சந்தேகமே இல்லை. ஆனால் எழுத்துரு நிபுணர்கள் உடனே சொன்னார்கள்: அதே பாயின்ட் அளவில் கேரமாண்ட் சின்னதாகத் தெரிகிற எழுத்து, அதனால்தான் மை குறைகிறது. டைம்ஸ் எழுத்தையே அரைச் சுற்று சின்னதாக அடித்தால் அதே மிச்சம்! பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்ட ஆபீஸிலோ, மை குறைந்தால் மிச்சம் மிஷின்காரருக்குத்தான்.

எழுத்துருவை மாற்றுவதில் ஒரு வசதி இருக்கிறது. யாருடைய மேஜையிலிருந்தும் எதையும் எடுக்க வேண்டாம். யாரிடமும் 'இந்தத் தாள் எதற்கு?' என்று கேட்க வேண்டாம். அதனால்தான் இப்படிப்பட்ட ஐடியாக்களுக்கு ஆபீஸ்களில் நல்ல வரவேற்பு.

உண்மையான கேள்வி அதுதான். இந்தத் தாள் எதற்கு?

கம்ப்யூட்டர் வந்தால் காகிதம் ஒழியும் என்று 1975-லிருந்தே பேசுகிறார்கள். அந்த வருஷம் 'பிசினஸ் வீக்' பத்திரிகை எதிர்கால ஆபீஸ் பற்றிப் பெரிய கட்டுரையே வெளியிட்டது. நடந்தது வேறு. அபிகெயில் செல்லன், ரிச்சர்ட் ஹார்ப்பர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காகிதமில்லா ஆபீஸ் என்பதே ஒரு கட்டுக்கதை என்று இருபது வருஷத்துக்கு முன்பு ஒரு புத்தகம் எழுதினார்கள். இ-மெயில் வந்த நிறுவனங்களில் காகித உபயோகம் சராசரியாக 40 சதவிகிதம் கூடியது என்று அதில் சொன்னார்கள். ஏன்? அனுப்புவது சுலபமாகிவிட்டது. படிக்க, அடிக்கோடு போட, நாலு பேரோடு பேச, தாள்தான் கைக்கு வாகாக இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு நமக்கே உரிய இன்னொரு காரணமும் இருந்தது. எழுத்துருக் குழப்பம். ஒரு ஆபீஸ் வானவில்லில் அடிக்கும், இன்னொன்று பாமினியில் அடிக்கும். ஒருவர் அனுப்பிய ஃபைலைத் திறந்தால் மற்றவர் கம்ப்யூட்டரில் பூச்சி பூச்சியாகத் தெரியும். தமிழ்க் கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர ஒரே வழி, பிரின்ட் எடுத்து அனுப்புவதுதான். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டு ஆணை போட்டது. குழப்பம் தீர வழி பிறந்தது, ஆனால் கை பழகிவிட்டதே! பூச்சிக்குப் பயந்து ஆரம்பித்த பழக்கம், பூச்சி செத்த பிறகும் உயிரோடு இருக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், பயம். ஃபைலில் தாள் இல்லையென்றால், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால், மெமோ யாருக்கு வரும்? கிளார்க்குக்கு. "மெயில்ல அனுப்பினேன் சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எடுத்து வைத்த தாள் அவருடைய கேடயம். ஒருவர் கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு 'சிக்கனம்' என்று உபதேசம் செய்தால், அவர் வீட்டுக் காசிலாவது பிரின்ட் எடுத்துப் பீரோவில் வைப்பார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டரில் இருக்கிற பதிவைக் காட்டினாலே போதும், ஆடிட்டர் ஏற்றுக்கொள்வார் என்று மேலே இருப்பவர் எழுத்தில் கொடுக்கிற அன்றைக்குத்தான் அந்தத் தாள் குறையும்.

இப்போது திரும்பவும் முத்தாண்டிக்குப்பத்துக்கு வாருங்கள். ஏனென்றால் நான் சொல்ல வந்ததே இனிமேல்தான்.

சமீப வருஷங்களில் ஆபீஸ்களில் காகிதம் குறைந்துவருவது உண்மை. இ-ஆபீஸ் வந்தது. 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதல் காகிதமில்லா பட்ஜெட் தாக்கலானது. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் ஆபீஸுக்குள் குறைந்த தாள் எல்லாமே ஒழிந்துபோகவில்லை. ஒரு பகுதி இடம் மாறி, ஜெராக்ஸ் கடைக்கு வந்திருக்கிறது.

முன்பெல்லாம் விண்ணப்பப் படிவத்தை ஆபீஸ் அச்சடிக்கும். நாம் வாங்கி நிரப்புவோம். இப்போது படிவம் அச்சடிக்கிற செலவு ஆபீஸுக்கு மிச்சம். விவரங்களை டைப் அடிக்கிற வேலையும் நம்முடையது. அப்புறம் 'பிரின்ட் எடுத்து இணைப்புகளுடன் அனுப்பவும்' என்கிற கடைசி வரியில் காகிதச் செலவும் நம் தலையில். ஆபீஸின் புள்ளிவிவரத்தில் இது காகிதமில்லாச் சேவை. பையனின் சட்டைப்பையில் இது 18 பக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-லேயே வந்துவிட்டது. எழுத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொன்னாலும் மின்னணுப் பதிவே போதும் என்கிறது நாலாம் பிரிவு. விண்ணப்பங்களை மின்னணு வடிவில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறது ஆறாம் பிரிவு. 2015-ல் டிஜிலாக்கர் வந்தது. அதிலிருக்கிற சான்றிதழ் அசலுக்குச் சமம் என்று 2017-ல் விதியும் வந்தது. கேட்கவே ஜோராக இருக்கிறது, இல்லையா?

கொஞ்சம் தள்ளி ஒன்பதாம் பிரிவைப் படியுங்கள். 'மின்னணு வடிவில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எந்த அரசு அலுவலகத்தையும் வற்புறுத்துகிற உரிமை யாருக்கும் கிடையாது' என்பது அதன் சாரம். ஆக, வாங்கிக்கொள்ள ஆபீஸுக்கு அனுமதி உண்டு. வாங்கிக்கொள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. 2000-ஆம் வருஷத்தில் கிராமத்து ஆபீஸில் கம்ப்யூட்டர் இல்லை, கரன்ட் இல்லை, அப்போது இந்தப் பாதுகாப்பு நியாயம். ஆன்லைனில் மட்டும்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆபீஸ் நம்மை வற்புறுத்துகிற காலத்தில் இதற்கு என்ன நியாயம்? அவர்கள் நம்மைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பலாம், நாம் அவர்களைக் கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொல்லக்கூடாது!

விதியை மாற்றினால் நாடு கவிழ்ந்துவிடாது. அதற்கும் உதாரணம் இருக்கிறது. நகல் சான்றிதழில் பச்சை மை கையெழுத்து வாங்க கெஜட்டட் ஆபீசர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த தலைமுறை நாம். 2014 வாக்கில் மத்திய அரசு, சுய கையொப்பமே போதும், அசலைக் கடைசிக் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது. ஒன்றும் ஆகவில்லை. அதே தர்க்கத்தை ஒரு படி மேலே கொண்டுபோகலாமே. ஆயிரம் பேர் விண்ணப்பித்து நூறு பேரைத்தான் கூப்பிடப் போகிறீர்கள் என்றால், கூப்பிடுகிற நூறு பேரிடம் மட்டும் தாள் கேளுங்கள். மீதித் தொள்ளாயிரம் பேரின் கட்டுகள் பிரிக்கப்படாமலேயே பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டாம்.

எழுத்துருவை விடுங்கள், ஸ்டிக்கரை விடுங்கள். ஒரு பொதுத்துறை அலுவலகம் நிஜமாகவே சிக்கனம் பண்ண நினைத்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தனித்தனிப் பிரின்டர்களை எடுத்துவிட்டு மாடிக்கு ஒன்று. ரகசியக் காகிதம் கையாளுகிற ஓரிரு மேஜைக்கு மட்டும் விதிவிலக்கு. அடையாள அட்டையைக் காட்டினால்தான் தாள் வெளியே வரும் என்கிற ஏற்பாடு. அனுப்பிவிட்டு மறந்துபோன தாள்கள் அதிலேயே நின்றுவிடும். இரண்டு பக்கமும் அடிப்பதுதான் மிஷினின் வழக்கம் என்று அமைப்பது. மாதா மாதம் ஒவ்வொரு பிரிவுக்கும் 'நீங்கள் அடித்தது இத்தனை பக்கம், இத்தனை ரூபாய்' என்று ஒரு பில். பணம் பிடிக்க வேண்டாம், காட்டினால் போதும். அந்தப் பில்லிலேயே இன்னொரு வரி: 'பொதுமக்களை எடுத்துவரச் சொன்னது இத்தனை பக்கம்'. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் அதையும் கணக்குப் பண்ணிக் காட்ட வேண்டும். விலைதான் அரசாங்கமே போட்டு வைத்திருக்கிறதே!

முத்தாண்டிக்குப்பத்துக்குப் பக்கத்தில் நெய்வேலியில் 1956-ல் தொடங்கப்பட்ட ஒரு பொதுத்துறை நிறுவனம் பூமியைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. பழுப்பு நிலக்கரியை எடுக்கும் முன்னால் அதன் தலைமேல் கிடக்கிற மலை மலையான மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். எவ்வளவு மண் அகற்றினால் எவ்வளவு நிலக்கரி என்று சுரங்கத்தில் கணக்கு வைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த விகிதம் தெரியாமல் சுரங்கம் நடத்த முடியாது. ஆபீஸ்களுக்கும் அப்படி ஒரு விகிதம் இருக்கிறது. ஒரு காரியம் முடிய எத்தனை தாள்? அதைத்தான் எந்த ஆபீஸும் எண்ணுவதில்லை.

அந்தப் பையன் ஒத்தைப் பக்கமாகவே இரண்டு செட் எடுத்தான். 18 பக்கம், 36 ரூபாய். கவரும் ஸ்பீட் போஸ்ட்டும் தனி. கடைக்கார அம்மா தாள்களைத் தட்டி அடுக்கிக் கொடுத்துவிட்டு, "கையெழுத்துப் போட மறந்துடாத தம்பி, திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார்.

சேர வேண்டிய விவரம் எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே, அவர் கண் முன்னாலேயே, அந்த ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.